மண்வெட்டி படாத மூலை

"ஏனுங்க டீச்சர், செருப்பக் கழட்டிப்போட்டுத்தான் அங்க உக்காந்திருக்கீங்களா?"

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. ஆலத்திக்காடு அரண்மனையின் பின்கட்டுக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு மூலை. அங்கே வரிசையாக நின்ற ஏழு கன்னிமார் கற்களுக்கு முன்னால் அருள்செல்வி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல வெயிலில் கையில் டார்ச் விளக்கு வேறு. மயிலாத்தாள் எண்ணெய்க் கிண்ணமும் மஞ்சளும் பூவுமாக வந்து நின்றாள்.

"கழட்டிட்டேன்மா. அதோ கெடக்குது பாருங்க."

"பாத்தேனுங்க. ஒண்ணு படியில கெடக்குது, ஒண்ணு வேம்படியில கெடக்குது. படிச்சவிய செருப்பக்கூடச் சேத்து உடமாட்டாங்களாட்ட இருக்குது."

அருள்செல்வி அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "அம்மா, இந்தக் கல்லுல எழுத்து இருக்குதுங்க."

"சாமி மேல எவன் எழுதுவான்?"

"மூணாவது கல்லுல. பாவாடையைக் கொஞ்சம் தூக்கிட்டு, டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சுப் பாத்தேன்—"

"என்னது? என்ற கன்னிமாரு பாவாடையத் தூக்கிப் பாத்தீங்களா?"

கோபம் ஏற ஏற மயிலாத்தாளின் பேச்சில் மரியாதையும் ஏறும். அவளை அறிந்தவர்கள் அந்த நேரத்தில் ஒதுங்கிக்கொள்வார்கள். அருள்செல்வி அரண்மனைக்கு வர ஆரம்பித்தே இரண்டு வாரம்தான்.

"எந்திரிங்க. எந்திரிச்சு அக்கட்டால போங்கங்க."

"கோவிச்சுக்காதீங்கம்மா. இது கன்னிமாரா இல்லாமக்கூட இருக்கலாம்."

"பொறவு?"

"கல்லறையா இருக்கலாமுங்க."

மயிலாத்தாள் எண்ணெய்க் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். "உங்க கோயலுக்குள்ள நான் வந்து நின்னு, இது பொணம் பொதைச்ச எடமுன்னு சொன்னா நீங்க சும்மா உடுவீங்களா?"

"எங்க சாமியே சிலுவையில செத்தவருதானுங்க. நாங்க ஒண்ணும் சொல்லமாட்டோம்."

"வாயி. வாயி மட்டும் நல்லாப் படிச்சிருக்குது."

அருள்செல்வி வேம்படிச் செருப்பையும் படிச் செருப்பையும் தேடி மாட்டிக்கொண்டு போனாள். மயிலாத்தாள் ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணெய் தேய்த்து, மஞ்சள் பூசி, பூ வைத்தாள். மூன்றாவது கல்லிடம் வந்தபோது கை ஒரு விநாடி நின்றது. பாவாடையைத் தூக்கிப் பார்க்கவில்லை. தூக்கிப் பார்ப்பதற்கு அது என்ன அரிசி மூட்டையா?

கோவையில் ஒரு மிஷன் பள்ளியில் முப்பது வருஷம் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவள் அருள்செல்வி. அவளைக் கூட்டிவந்தவன் அருண்குமார், மயிலாத்தாளின் கொழுந்தனார் மகன். மயிலாத்தாளுக்குப் பிள்ளை இல்லை. கணவர் போனபிறகு குடும்பத்தார் உட்கார்ந்து பேசி அரண்மனையை அருண்குமார் பேரில் எழுதியாகிவிட்டது. பின்கட்டில் ஒரு அறையில் அவள் இருந்துகொள்ளலாம் என்று அன்றைக்கு வாயால் சொன்னதோடு சரி. இப்போது அவன் அதை விற்கிறான். வாங்கப் போகிறவர் சீனிவாசலு. கோவையில் மூன்று கல்யாண மண்டபம் வைத்திருக்கிறார். அரண்மனையில் கல்யாணம் என்றால் இந்தக் காலத்துப் பெண் வீட்டார் க்யூ கட்டி நிற்பார்களாம். அதற்கு அச்சடிக்கும் புத்தகத்தில் அரண்மனையின் வரலாறு நாலு பக்கம் வேண்டுமாம்.

"நான் எங்க போறது?" என்று மயிலாத்தாள் கேட்டபோது, "சரவணம்பட்டில ஃபிளாட் பாத்திருக்கேன் பெரீம்மா. நாலாவது மாடி. லிஃப்ட் இருக்குது," என்றான் அருண்குமார்.

"கன்னிமார உட்டுப்போட்டு நான் வரமாட்டேன். எண்ணெ வெக்காத வெள்ளிக்கெழம இந்த அரமனையில இருந்ததில்ல."

அதைத்தான் அவள் தன் கையிலிருந்த பெரிய ஆயுதமாக நினைத்திருந்தாள். இந்த அரண்மனைக்கு எந்த மருமகள் வந்தாலும் முதல் நாளே மாமியார் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் இடம் அந்த மூலை. "இங்க மம்மட்டி படக்கூடாது. ஒரு செடி நடக்கூடாது. வெள்ளிக்கெழம தப்பாம எண்ணெ வெக்கோணும்." ஏன் என்று பத்தொன்பது வயது மயிலாத்தாள் கேட்டாள். "கேக்கக்கூடாது," என்றாள் மாமியார். அதுவும் வழக்கத்தில் சேர்த்தி. ஐம்பத்துமூன்று வருஷம் அவள் கேட்கவில்லை.

அருண்குமார் அந்த ஆயுதத்தைச் சிரித்துக்கொண்டே பிடுங்கிக்கொண்டான். "கன்னிமாரை யாரு எடுக்கச் சொன்னா? அவிய இங்கயேதான் இருப்பாங்க. கல்யாணப் பொண்ணு முதல்ல கும்பிடற சந்நிதின்னு புத்தகத்துல போடப்போறோம். பூசைக்கு ஆள் போடறாரு சீனிவாசலு. நீங்க மட்டும் கெளம்புனாப் போதும்."

*

திங்கட்கிழமை கூடத்தில் சண்டை. மயிலாத்தாள் கதவோரம் நின்று கேட்டாள். கேட்கிறாள் என்று தெரிந்தேதான் இருவரும் கத்தினார்கள்.

கூடத்தின் நடுச்சுவரில் ஆளுயரக் கடிகாரம் ஒன்று நின்றது. அரண்மனைக் கிரகப்பிரவேசத்துக்கு வந்த வெள்ளைக்காரக் கலெக்டர் கொடுத்தது. அது ஓடி எத்தனையோ காலமாயிற்று. அருண்குமார் அதன் அடியில் நின்று அருள்செல்வி எழுதிய தாளை ஆட்டினான்.

"டீச்சர், நான் உங்களை வரலாறு எழுதத்தானுங்க கூப்பிட்டேன். கேஸ் எழுதக் கூப்பிடல."

"எழுதியிருக்கறது வரலாறுதானுங்களே."

"நான் சொன்னது என்ன? தாது வருசப் பஞ்சத்துல எங்க முப்பாட்டன் பெரிய பட்டக்காரரு களஞ்சியத்தத் தொறந்து உட்டாரு. கஞ்சி குடிச்ச சனம் நன்றிக்கு ஒண்ணு சேந்து கட்டுன அரமனை இது. எங்க தாத்தா சொன்னாரு, எங்கப்பா சொன்னாரு."

"களஞ்சியம் அவரோடது இல்லீங்க. குளம் வெட்டறதுக்குன்னு சர்க்கார் அனுப்புன தானியம். வெட்டுன குளம் எங்கீங்க இருக்குது? காட்டுங்க, போயிப் பாத்துட்டு வாரேன்."

ஆலத்திக்காட்டில் குளம் கிடையாது.

"குளம் வெட்ட வந்த சனத்த வெச்சு அரமனை கட்டிக்கிட்டாரு. ஒரு அகப்பைக் கஞ்சிக்கு ஒரு நாள் கல் சுமக்கோணும். நன்றிக்கு எவனுங்க கல் சுமப்பான், அதும் பஞ்சத்துல?" அருள்செல்வி பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து விரித்தாள். "எங்க பங்குக் கோயல்ல பழைய இறப்புப் பதிவேடு இருக்குது. படிக்கறேன், கேளுங்க. '1877ம் வருஷம் மாசி மாதம், ஆலத்திக்காடு அரமனை வேலையில் கூடத்து வளைவு இடிந்து விழுந்து மரித்தவர்கள் ஏழு பேர். மறுநாள் துரை வருகிறபடியால் சடலங்களை முன்வாசலால் எடுத்துப்போக உத்தரவாகவில்லை. பின்மதிலோரத்திலேயே அடக்கம் செய்து, ஆளுக்கொரு கல் நட்டேன்.' கீழ ஏழு பேரையும் வரிசையா எழுதி, பங்குச் சாமியாரு கையெழுத்துப் போட்டிருக்காரு."

மயிலாத்தாள் கதவோரத்திலிருந்து கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டாள்.

"பொய்யி! ஏழு கல்லு நட்டா நம்மூருல எந்தக் கொழந்தையக் கேட்டாலும் கன்னிமாருன்னு சொல்லுமுங்க. உங்க கோயல் புத்தகத்துல எழுதிட்டா என்ற சாமி செத்துப்போயிருமா?"

"கல்லு நட்டப்ப கன்னிமாருன்னு யாரும் சொல்லலீங்க. அப்பறம்தான் சொல்லியிருக்காங்க. ஏழு கல்லு வரிசையா நின்னா நம்ம சனம் மஞ்சப் பூசிரும்னு இந்த ஊட்டுப் பெரியவங்களுக்குத் தெரியாதுங்களா? மஞ்சப் பூசிட்டா எவனும் தோண்டமாட்டான்."

"எங்கூட்டுப் பெரியவிய என்ன செஞ்சாங்கன்னு சொல்றதுக்கு நீங்க யாருங்க? வந்தது கூலிக்கு. எழுதச் சொன்னத எழுதிப்போட்டுப் போறதுதானுங்களே?"

"கூலிக்கு வந்தவங்கதான் அந்த ஏழு பேரும்," என்றாள் அருள்செல்வி.

"பெரீம்மா, நீங்க பேசாமப் பொட்டாட்ட இருங்க," என்றான் அருண்குமார். "டீச்சர், நீங்க கெளம்புங்க. உங்க நாலு பக்கம் வேண்டாம். நானே எழுதிக்கறேன்."

"எழுதிக்குங்க. குளத்தப் பத்தி ஒரு வரி சேத்துக்குங்க."

அவள் ஜெராக்ஸ் தாளை மேஜைமேல் விட்டுவிட்டுப் போனாள். அருண்குமார் அதைக் கசக்கி மூலையில் எறிந்தான். பிறகு மயிலாத்தாள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான்.

"பெரீம்மா, இதை யாருகிட்டயும் மூச்சு உடாதீங்க. கல்லறைன்னு ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா எவன் இங்க வந்து தாலி கட்டுவான்? வர்ற வெள்ளிக்கெழம சீனிவாசலு கையெழுத்துப் போட வாராரு. காதுல உழுந்தா வாசல்லயே திரும்பிப் போயிருவாரு மனுசன்."

"நான் எதுக்குச் சொல்றேன்?" என்றாள் மயிலாத்தாள். "என்ற சாமிய நானே சுடுகாடுன்னு சொல்லுவனா?"

அவன் போனபிறகு கூடத்தைக் கூட்டினாள். கசங்கிய தாளைத் துடைப்பத்தோடு தள்ளிக்கொண்டே போய், சமையல்கட்டில் நீவி விரித்தாள்.

*

செவ்வாய்க்கிழமை மத்தியானம், அரண்மனையில் வேறு யாரும் இல்லாதபோது, தோசைத் திருப்பியும் கொஞ்சம் புளியும் ஒரு செம்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு அந்த மூலைக்குப் போனாள். அந்தப் பெண் புளுகுகிறாள் என்பதை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனாள். மூன்றாவது கல்லின் பாவாடையை அவிழ்த்தாள். போன தையில் அவளே எடுத்துக் கட்டிய சிவப்புப் பாவாடை. கல்லின்மேல் நகக் கனத்துக்கு எண்ணெய்க் கசடு இறுகியிருந்தது. சுரண்டச் சுரண்ட அடை அடையாகப் பெயர்ந்தது. மேலே அவள் வைத்த எண்ணெய். அடியில் மாமியார் வைத்தது. அதற்கும் அடியில் மாமியாரின் மாமியார். புளியைப் போட்டுத் தேய்த்தாள்.

முதலில் ஒரு சிலுவை வந்தது. அப்புறம் 'சூ'. அப்புறம் 'சை'.

மயிலாத்தாள் செம்புத் தண்ணீரை ஊற்றி இன்னொரு தடவை தேய்த்தாள்; எழுத்து அப்படியே இருந்தது.

"ஆம்பள," என்றாள் கல்லைப் பார்த்து. "ஆம்பளைக்கா பாவாடை கட்டி உட்டேன் இத்தன காலமா? வாயத் தொறந்து சொல்லியிருக்கக்கூடாதா?"

பிறகு அவளுடைய கோபம் கல்லை விட்டுவிட்டுச் செத்துப்போன கணவர்மேல் திரும்பியது. அவர் ஒருநாளும் இந்த மூலைக்கு வந்தவரில்லை. 'கன்னிமாரு பொம்பளைங்க சாமி, நான் எதுக்கு?' என்பார். "உங்களுக்குத் தெரியும்," என்றாள் மயிலாத்தாள். "உங்கம்மாளுக்குத் தெரியும். ஊட்டுல எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்கு. வந்தவளுக்கு மட்டும் எண்ணெக் கிண்ணத்தக் குடுத்து உட்டுட்டீங்க."

இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்து ஏழு பேரையும் வாய்விட்டுப் படித்தாள். சவேரியம்மாள். அந்தோணி. சூசை. இஞ்ஞாசி. மரியாயி. சந்தியாகு. ஏழாவது வரியில் பேர் இல்லை. 'சந்தியாகுவின் மகள், ஐந்து வயது; பெயர் அறிய ஆளில்லை' என்று இருந்தது.

ஏழாவது கல் முழங்கால் உயரம்கூட இராது. அதைத்தான் கடைசிக் கன்னி, வரம் கொடுப்பதில் கெட்டிக்காரி என்று மாமியார் சொல்லியிருந்தாள். கல்யாணமாகி முதல் பதினைந்து வருஷம் மயிலாத்தாள் மற்ற ஆறு பேருக்கும் எண்ணெய் வைத்துவிட்டு, இந்தக் கல்லின் முன்னால்தான் நெற்றி தரையில் படக் கிடந்து ஒரு பிள்ளை கேட்டிருக்கிறாள். அதற்கப்புறமும் கேட்டிருக்கிறாள், வெளியே தெரியாமல்.

அவள் அழவில்லை. கணக்குப் போட்டாள். சொல்லாமல் இருந்தால் நாலாவது மாடி. சொன்னால், அரண்மனை மருமகள் ஐம்பத்துமூன்று வருஷம் கூலிக்காரச் சவத்துக்கு எண்ணெய் தேய்த்தாள் என்று அன்னூரிலிருந்து அவிநாசி வரைக்கும் உள்ள ஒறம்பரை, சொந்தபந்தம் முழுக்கச் சிரிக்கும். பெரிய பட்டக்காரர் பேர் போகும். அந்தப் பேரைச் சொல்லித்தானே அவளுக்கும் இத்தனை காலம் முன்வரிசையில் பாய் விரித்தார்கள்?

எழுந்து, சூசைக்கு மறுபடியும் பாவாடையைக் கட்டினாள். தோசைத் திருப்பியைத் தண்ணீர்த் தொட்டியில் நாலு தடவை கழுவினாள்.

*

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு சீனிவாசலு வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் நாமம். தட்டில் தேங்காய் பழம் வெற்றிலை. முதலில் கன்னிமாரைக் கும்பிட வேண்டும், கையெழுத்து அப்புறம்தான் என்று நேரே பின்கட்டுக்கு நடந்தார். செருப்பைக் கழற்றி ஜோடி சேர்த்து ஓரமாக விட்டார்.

"அடடா, என்ன லட்சணம்! ஏழு பேரும் ஏழு கலர்ல! அம்மா, நீங்கதான் இத்தன வருசமாப் பூசை பண்றீங்களாமே? உங்க கையால கொஞ்சம் மஞ்சக் குடுங்க. அந்த ராசியோட ஆரம்பிக்கறேன்."

மயிலாத்தாள் மஞ்சள் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். என்ன செய்யப்போகிறோம் என்று அந்த நிமிஷம் வரை அவளுக்கே தெரியாது. கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்றுகூட இருந்தது. மனுஷர் மரியாதையாகத்தான் கேட்கிறார்.

"குடுங்க பெரீம்மா, நல்ல நேரம் போகுது," என்றான் அருண்குமார். சீனிவாசலு பக்கம் திரும்பிச் சிரித்தான். "நாளைக்கே ரூம் காலியாயிருமுங்க. பெரியம்மா சாமான் மொத்தமும் ஒரு டெம்போவுக்குக்கூட வராது."

மயிலாத்தாள் மஞ்சள் கிண்ணத்தைத் திரும்பக் கீழே வைத்தாள்.

"செருப்ப மாட்டிக்குங்க," என்றாள்.

"ஏம்மா?" என்றார் சீனிவாசலு.

"சாமிக்கு முன்னாலதானுங்க கழட்டோணும்."

அவள் குனிந்து மூன்றாவது கல்லின் சிவப்புப் பாவாடையை உருவினாள். புளி போட்டுத் தேய்த்த கல் வெயிலில் வெளிறி நின்றது. "இது ஆம்பளைங்க. பேரு சூசை. உள்ள கூடம் இருக்குதுங்களே, உங்க ஆளுங்க மணமேடை போடறதா இருக்கறது, அந்த வளைவு உழுந்து செத்தவரு. இவருக்கு இந்தப் பக்கம் அந்தோணி, அந்தப் பக்கம் இஞ்ஞாசி. மொத்தம் ஏழு பேரு. துரை வர்ற அன்னிக்கு வாசல்ல பொணம் போகக்கூடாதுன்னு பெரிய பட்டக்காரரு இங்கயே பொதைக்க வெச்சாரு. மஞ்சப் பூசுனது நாங்க."

சீனிவாசலு கிட்டே போய்ப் பார்த்தார். தொடவில்லை. உதடு அசைந்தது, எழுத்துக் கூட்டிப் படிக்கிறாற்போல.

"தம்பி, என்ன இது?"

"வயசாயிருச்சுங்க. எதையோ உளர்றாங்க. நீங்க வாங்க—"

"அம்மாளுக்கு வயசாச்சு சரி. கல்லு ஏன் உளறுது?"

"அண்ணா, சின்ன விசயம். ரெண்டு ஆள் வெச்சு ராவோட ராவா எடுத்துப்போட்டா—"

"எடுத்துப்போட்டு? அந்த எடத்துல பந்தி போடச் சொல்றியா?" சீனிவாசலு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "இருவத்தஞ்சு வருசமா மண்டபம் நடத்தறேன். பொண்ணப் பெத்தவன் மொதல்ல கேக்கறது எடம் சுத்தமாங்கறதுதான். நாளைக்கு எவனோ ஒருத்தன் மக ஊட்டுக்குத் திரும்பி வந்து நின்னான்னா, என்ற வாசல்லதான் வந்து மண்ணத் தூத்துவான்."

தட்டை எடுப்பதா வைப்பதா என்று ஒரு கணம் தயங்கி, வைத்துவிட்டே போனார். கார் வாசலைத் தாண்டியதும் அருண்குமார் அவள் பக்கம் திரும்பினான்.

"திருப்திங்களா?" என்றான். "குடும்பத்து மானத்தையே கொண்டுபோய் நடுரோட்டுல போட்டாச்சு. இந்நேரம் காருல இருந்தே நாலு பேருக்கு போன் பண்ணியிருப்பாரு. இனி எவன் வாங்குவான் இத?"

"வாங்க வேண்டாம்."

"உங்களுக்குன்னு ஒரு புள்ள இருந்திருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?"

"இருந்திருந்தா என்னை நாலாவது மாடியில கொண்டுபோயி வெக்க நீ யாருடா?"

அந்த 'டா'வில் அவன் ஓரடி பின்னால் போனான். கைக்குழந்தையாக இருந்தபோதுகூட அவனை அவள் 'வாங்க கண்ணு' என்றுதான் அழைத்திருக்கிறாள்.

"கெடங்க," என்றான். "ஒரு ஓட்டுக்கூட மாத்தித் தரமாட்டேன். மழை ஒழுகுனாலும் சரி, செவுரு உழுந்தாலும் சரி. இந்தப் பொணங்களோடயே கெடங்க."

"கெடக்கறேன். அம்பத்துமூணு வருசமா எங்கிட்டச் சொல்லாமக் கெடக்க வெச்சீங்க. இப்பத் தெரிஞ்சே கெடக்கறேன்."

*

அடுத்த வெள்ளிக்கிழமை அருள்செல்வி ஒரு துணிப்பையோடு வந்தாள். விஷயம் அதற்குள் ஊர் பூராவும் போயிருந்தது.

"அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு—"

"உங்க சனத்துக்காக ஒண்ணும் சொல்லலீங்க. என்ற ஊட்டுக்காகச் சொன்னேன். நன்றியெல்லாம் எடுத்துட்டுப் போயி உங்க கோயல்ல சொல்லிக்குங்க."

"பரவால்லீங்க. மெழுகுவத்தி கொண்டாந்திருக்கேன். ஏத்திட்டுப் போயிடறேன்."

"ஏத்துங்க. செருப்பு ரெண்டையும் ஒண்ணாச் சேத்து உட்டுட்டு ஏத்துங்க."

அருள்செல்வி மூலைக்குப் போனாள். ஆறு கற்களின் பாவாடையும் போயிருந்தது. ஆறும் எண்ணெய்ப் பிசுக்கு அற்று, சிலுவையும் பேருமாக நின்றன. ஒரு வாரம் உட்கார்ந்து தேய்த்திருக்கிறாள்; மயிலாத்தாளின் விரல் நகங்கள் புளியில் கறுத்திருந்தன. ஏழாவது சின்னக் கல்லில் மட்டும் மஞ்சளும் புது எண்ணெயும் மினுங்கின. பச்சைப் பாவாடை, தலையில் பூ.

"அம்மா, இதுவும் அந்த ஏழுல ஒண்ணுதானுங்க. அந்தச் சின்னப் பொண்ணு."

"எனக்குப் படிக்கத் தெரியுமுங்க."

"அப்பறம் ஏனுங்க…"

"பொம்பளப் புள்ளதான? பாவாடை கட்டுனா உங்க சாமிக்குப் பொறுக்காதா?"

அருள்செல்வி ஒவ்வொரு கல்லின் முன்னாலும் ஒரு மெழுகுவர்த்தி வைத்துக் கொளுத்திக்கொண்டே வந்தாள். ஆறு முடிந்து ஏழாவதை எடுத்தாள்.

"அங்க வேண்டாம்," என்றாள் மயிலாத்தாள் படியில் நின்றபடியே. "அங்க நான் வெளக்கு வெச்சாச்சு."

அருள்செல்வி ஏழாவது மெழுகுவர்த்தியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.